மூன்று பழைய டி-5 கியர்பாக்ஸிலிருந்து உறுதியான ஒன்றைச் சேர்க்க முடியுமா?

கேள்வி: எல்எக்ஸ்88, 2023 மார்ச் 4

அண்ணா, என்னிடம் இருப்பது 1988 மஸ்டாங் எல்எக்ஸ் 5.0. அதன் டி-5 கியர்பாக்ஸில் மூன்றாவது கியரில் பல் தெறித்துவிட்டது. புது டி-5 இசட் (அதே பெட்டியின் உறுதி கூடிய வகை) வாங்க இப்போது கையில் பணம் இல்லை. பக்கத்து ஊரில் இரண்டு பழைய பெட்டிகள் விலைக்கு வருகின்றன. ஒன்று 1991 மஸ்டாங்கில் இருந்தது, மற்றது 1989 கமாரோ வி8-இல் இருந்தது. மூன்றையும் பிரித்து நல்ல சாமான்களை மட்டும் பொறுக்கி ஒரே கேஸில் (வெளிக்கூட்டில்) போட்டால் இசட்-க்குச் சமமாக வருமா? எல்லாம் டி-5 தானே?

பதில்: மார்ச் 4, இரவு

முடியும். ஆனால் "எல்லாம் டி-5 தானே" என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் மூன்று பெட்டிக்கும் காசு கொடுத்துவிட்டு ஒன்றுகூட ஓடாமல் நிற்பீர்கள்.

போர்க்-வார்னர் இந்தப் பெட்டியை 1982-இல் கொண்டுவந்தது. இதற்கு முந்தியவை எஸ்ஆர்4, டி4 என்ற நாலு கியர் பெட்டிகள். உள்ளே கியர்களைச் சுமக்கும் இரண்டு ஷாஃப்டுக்கும் (மேலே மெயின் ஷாஃப்ட், கீழே லே ஷாஃப்ட்) நடுவே உள்ள தூரம் 77 மி.மீ. அலுமினியக் கேஸ். ஜீப், சின்ன பிக்கப், கமாரோ, மஸ்டாங், நிஸான் 300இசட்எக்ஸ் டர்போ, இங்கிலாந்தில் சியரா காஸ்வொர்த் என்று எத்தனையோ வண்டிக்குள் போயிருக்கிறது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வண்டிக்கு வண்டி வேறு.

முதலில் பார்க்க வேண்டியது அது "வேர்ல்டு கிளாஸ்" வகையா இல்லையா என்பது. மஸ்டாங் வி8-இல் 1985 முதலும் கமாரோவில் 1988 முதலும் வேர்ல்டு கிளாஸ் வந்தது. அதில் லே ஷாஃப்டின் இரு முனையிலும் டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். மெயின் ஷாஃப்டில் ஓடும் 1, 2, 3 கியர்களுக்கு அடியில் ஊசி பேரிங். சிங்க்ரோ ரிங்குகள் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள்) உராய்வுப் பட்டை ஒட்டிய எஃகு. பழைய வகையில் அந்தக் கியர்கள் ஷாஃப்டின் மேலேயே நேராக ஓடும், ரிங்குகள் வெண்கலம். ஆகவே ஒன்றின் மெயின் ஷாஃப்டில் மற்றதன் கியர் உட்காராது. உங்கள் மூன்று பெட்டியும் வேர்ல்டு கிளாஸ் காலத்தவை. அந்த மட்டில் நல்லது.

மார்ச் 5

பிரிக்காமலே அடையாளம் காண ஒரு வழி. கிளட்ச் ஹவுசிங்கைக் கழற்றியதும் கேஸின் முன்முகத்தைப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சியை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டுக்குக் கீழே, லே ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் பேரிங்கின் வெளி வளையம் வட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தால் வேர்ல்டு கிளாஸ். அந்த இடத்தைத் தட்டையான இரும்பு மூடி அடைத்திருந்தால் பழையது. வாங்கப் போகும்போது கையில் டார்ச்சும் ஒரு துணியும் போதும். அழுக்கைத் துடைக்காமல் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பின் ஹவுசிங் போல்ட் ஒன்றில் சின்ன அலுமினியத் தகடு தொங்கும். அதில் 1352 என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் பின்னால் வரும் இலக்கங்கள்தான் பெட்டியின் ஜாதகம்: எந்த வண்டிக்கு, என்ன விகிதம் (பின் ஷாஃப்ட் ஒரு சுற்று வர இன்புட் எத்தனை சுற்று), எல்லாம் அதில் தெரிந்துவிடும். தகடு இல்லாத பெட்டி என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், விற்பவர் சொல்லும் கதையை நம்பாதீர்கள்.

மார்ச் 5, சற்றுக் கழித்து

இசட்-க்குச் சமமாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பெட்டி எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தாங்கும் என்று பார்க்க வேண்டும். மஸ்டாங் வி8 பெட்டிக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது: 1985 முதல் 1989 வரை 265 பவுண்டு-அடி (359 நியூட்டன் மீட்டர்). 1990 முதல் 1993 வரை 300 (407). இசட் 330 (447). 1990-இல் ஏறியதற்குக் காரணம் பல்லின் உலோகம். விகிதத்தை மாற்றவில்லை.

உங்கள் 1988 எஞ்சினுக்கு ஃபோர்டு சொன்ன டார்க் 300 பவுண்டு-அடி. அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலேயே பெட்டியின் கணக்கை எஞ்சின் தாண்டிவிட்டது. மூன்றாவது கியர் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இத்தனை வருடம் தாங்கியதுதான் ஆச்சரியம்.

மார்ச் 9

இப்போது விஷயத்துக்கு வருவோம். டி-5-இல் கலப்பதென்றால் சாமான் சாமானாகக் கலக்க முடியாது. ஜோடி ஜோடியாகத்தான் கலக்க முடியும்.

லே ஷாஃப்ட் ஒரே எஃகு உருப்படி. அதிலுள்ள பற்கள் எல்லாம் ஒரே துண்டு, தனியாகக் கழற்ற முடியாது. இன்புட் ஷாஃப்டின் பல் லே ஷாஃப்டின் முன் பல்லைச் சுற்றுகிறது. அங்கிருந்து 3, 2, 1 என்று பின்னால் போகிறது. இன்புட்டை மாற்றினால் லே ஷாஃப்ட் மாற வேண்டும். லே ஷாஃப்ட் மாறினால் மெயின் ஷாஃப்டில் உள்ள மூன்று கியர்களும் மாற வேண்டும். இந்த ஐந்தும் ஒரு குடும்பம், ஒன்றைப் பிரித்து இன்னொரு வீட்டில் விட முடியாது. ஐந்தாவது கியர் மட்டும் தனி. அந்த ஜோடி கேஸின் பின்சுவருக்கு அப்பால், பின் ஹவுசிங்குக்குள் இருக்கிறது.

மஸ்டாங் வி8 விகிதங்கள், முதல் கியரிலிருந்து ஐந்தாவது வரை: 3.35, 1.93, 1.29, 1.00, 0.68.
இசட்: 2.95, 1.94, 1.34, 1.00, 0.63.

"இன்புட்டை மட்டும் மாற்றினால் 3.35 பெட்டி 2.95 ஆகிவிடாதா" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். கணக்குப் போட்டாலே பதில் வந்துவிடும். 3.35 என்பது 2.95 ஆகும் என்றால் 12 சதவீதம் இறக்கம். முன் ஜோடி மட்டும் மாறியிருந்தால் மற்ற கியர்களும் அதே 12 சதவீதம் இறங்க வேண்டும். அப்படியானால் 1.93 என்பது 1.70 ஆகியிருக்கும். ஆனால் இசட்டில் இருப்பது 1.94. மூன்றாவதோ 1.29-இலிருந்து 1.34-க்கு ஏறியிருக்கிறது. ஆக உள்ளே எல்லாமே வேறு.

மார்ச் 9, இரவு

2.95 ஏன் உறுதி என்று ஒரு வரி. ஷாஃப்டுகளுக்கு நடுவே தூரம் 77 மி.மீ. என்பது நிலையானது. அந்தத் தூரத்துக்குள் விகிதம் பெரிதாக வேண்டும் என்றால் லே ஷாஃப்டின் பல்வட்டம் சிறுக்க வேண்டும். சிறுத்தால் ஒவ்வொரு பல்லின் மேலும் விழும் அழுத்தம் கூடும். விகிதத்தை 2.95-க்கு இறக்கினால் முதல் கியரின் லே ஷாஃப்ட் பல்வட்டம் தடிக்கும். அதோடு பெட்டியை விட்டு வெளியே போகும் டார்க்கும் குறையும்: 300 பவுண்டு-அடி எஞ்சினில் முதல் கியரில் 1005-க்குப் பதில் 885.

நாலு சிலிண்டர் மஸ்டாங்கின் டி-5-இல் முதல் கியர் 3.97. அந்தச் செட்டை வி8-க்குப் பின்னால் போட யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 12

"1991 பெட்டியின் மூன்றாவது கியரை மட்டும் எடுத்து என் 1988-இல் போட்டுவிடுகிறேன், விகிதம் ஒன்றுதானே" என்று எல்எக்ஸ்88 எழுதியிருக்கிறார்.

போட்டால் சுற்றும். ஆனால் உங்கள் லே ஷாஃப்டின் மூன்றாம் பல் பழைய கியரோடு லட்சம் மைல் உரசி ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. 1991-இன் கியர் வேறொரு லே ஷாஃப்டோடு உரசி வேறொரு வடிவத்துக்கு வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் தொடுமிடம் பல்லின் முழு அகலத்துக்கும் பரவாமல் ஓர் ஓரத்தில் மட்டும் விழும். முதலில் சத்தம் வரும். பிறகு அந்த ஓரத்தில் குழி விழும். பிறகு தெறிக்கும். அதுமட்டுமல்ல, பல் தெறித்த பெட்டியின் லே ஷாஃப்டை நான் ஒருபோதும் திரும்பப் போடமாட்டேன். தெறித்த துண்டு அடுத்த பல்லின் இடுக்கில் ஒரு சுற்றாவது நசுங்கித்தான் வெளியே வந்திருக்கும்.

நீலச்சாயம் தடவிப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். மெயின் ஷாஃப்ட் கியரின் ஐந்தாறு பற்களில் மெல்லியதாகத் தடவி, மறு ஷாஃப்டைக் கையால் லேசாகப் பிடித்து எதிர்ப்பு கொடுத்துக்கொண்டே சுற்றுங்கள். சாயம் பல்லின் நடுவில் நீளவாட்டில் பரவி அழிந்திருந்தால் ஜோடி பொருந்துகிறது. நுனியிலோ ஒரு பக்கத்திலோ மட்டும் பொட்டாக அழிந்திருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

மார்ச் 13

கமாரோ பெட்டியைப் பற்றி. 1989 வி8 வேர்ல்டு கிளாஸ் என்றால் உள்ளே 2.95 குடும்பம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைத்தான் நீங்கள் குறிவைக்கிறீர்கள் என்று தெரிகிறது, சரியான யோசனை. ஆனால் கமாரோவின் இன்புட் ஷாஃப்டில் 26 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாட்டில் வெட்டிய பற்கள்), மஸ்டாங்கில் 10. பின்பக்கம் கமாரோ மெயின் ஷாஃப்டில் 27, மஸ்டாங்கில் 28. கமாரோவில் பெட்டியே 17 டிகிரி சாய்ந்து உட்காரும்.

ஆகவே வழி இப்படி: கேஸ், மெயின் ஷாஃப்ட், பின் ஹவுசிங் மஸ்டாங்கிலிருந்து. லே ஷாஃப்டும் 1, 2, 3 கியர்களும் கமாரோவிலிருந்து. இன்புட் மட்டும் ஃபோர்டு 2.95 இன்புட், அதாவது இசட்டுக்கு விற்கும் உதிரி. வாங்குவதற்கு முன் கமாரோ இன்புட்டின் பல்லை எண்ணி, புதிதாக வரப்போகும் இன்புட்டின் பல்லோடு ஒத்துப்பாருங்கள். எண்ணாமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று. 1994, 95 மஸ்டாங்கின் இன்புட் நீளமானது, அதற்கான கிளட்ச் ஹவுசிங்கும் ஆழமானது. உங்களுக்கு வேண்டியது 1993 வரையிலான குட்டை இன்புட்.

இன்புட்டின் பின்பக்கத் துளைக்குள் மெயின் ஷாஃப்டின் மூக்கு நுழைகிறது இல்லையா, அங்கே உள்ள பேரிங்கிலும் இரண்டு வகை உண்டு: பழைய உருளை வகை, கோப்ராவிலும் (மஸ்டாங்கின் ஒரு வகை) இசட்டிலும் வந்த டேப்பர் வகை. இன்புட்டின் துளையும் மெயின் ஷாஃப்டின் மூக்கும் ஒரே வகையாக இருந்தாக வேண்டும். இன்புட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

மார்ச் 19

லண்டனிலிருந்து ஒருவர்: "அண்ணை, இஞ்ச சியரா காஸ்வொர்த்திலை இருந்த டி-5 ஒண்டு கிடக்கு. அதுவும் 2.95 தானே? அமெரிக்காவுக்கு அனுப்பினால் வேலைக்கு ஆகுமோ?"

ஆகும், தம்பி, ஆனால் அங்கேயே விலை அதிகம், இங்கே அனுப்பிச் செலவழிக்காதீர்கள். சியராவில் 2.95, 1.94, 1.34, 1.00 அப்படியேதான். ஐந்தாவது மட்டும் 0.80. மஸ்டாங்காரர்கள் இந்த 2.95 செட்டையே "காஸ்வொர்த் செட்" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினுக்கு நெடுஞ்சாலையில் 0.63 ஒத்துவராது, சுழற்சி ரொம்ப விழுந்துவிடும். அதனால் 0.80. ஐந்து லிட்டர் வி8-க்கு 0.63 சுகமாக இழுக்கும்.

இதிலிருந்து ஒரு பாடம் எல்எக்ஸ்88-க்கும் உண்டு. ஐந்தாம் ஜோடியைத் தனியாக மாற்றலாம் என்றேன் அல்லவா? மாற்றலாம், ஆனால் அதன் விகிதம் முன் ஜோடியின் விகிதத்தோடு பெருக்கித்தான் வரும். இசட்டிலிருந்து எடுத்த "0.63" ஜோடியை 3.35 பெட்டியில் போட்டால் அது 0.63 ஆக இருக்காது. இன்ன ஜோடி இன்ன விகிதம் என்று யாராவது விற்றால், எந்த லே ஷாஃப்டோடு என்று கேளுங்கள்.

மார்ச் 26

இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளும். நல்ல சாமான் போட்டுக் கட்டிய பெட்டிகள் சீக்கிரம் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

டேப்பர் பேரிங் என்றால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவு சரியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் அலையும், பல் தொடுமிடம் மாறும். இறுகினால் பேரிங் எரியும். மூன்று பெட்டிச் சாமான்களைக் கலக்கும்போது எந்தப் பெட்டியின் பழைய ஷிம்மும் செல்லாது. கேஸ் வேறு, லே ஷாஃப்ட் வேறு, பேரிங் புதிது. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசப்படும், அதெல்லாம் கூடிப்போகும்.

லே ஷாஃப்டுக்கு நான் செய்வது இது. ஷாஃப்டைப் பேரிங்கோடு கேஸில் இறக்கி, பின் தகட்டை மெல்லிய ஷிம் ஒன்றோடு முறுக்குவேன். எண்ணெயைத் தொட்டு, கையால் இருபது முப்பது சுற்று சுற்றுவேன், உருளைகள் தங்கள் இடத்தில் உட்காரட்டும். டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) காந்தக் காலை எஃகுத் தகடு ஒன்றின் மேல் நிறுத்தி அந்தத் தகட்டைக் கேஸில் போல்ட் போட்டுவிடுவேன், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஊசிமுனை ஷாஃப்டின் முனையில். ஒரு ஸ்க்ரூடிரைவரை லே ஷாஃப்ட் பல்லுக்கும் கேஸ் சுவருக்கும் நடுவே விட்டு நெம்பாமல், இரு பக்கமும் கையாலேயே தள்ளி இழுப்பேன். நெம்பினால் கேஸ் வளைந்து பொய்க் கணக்குக் காட்டும். முள் ஒரு தௌ முதல் ஐந்து தௌ வரை அசைந்தால் கைநூல் சொல்லும் அளவுக்குள் இருக்கிறது. நான் அதன் கீழ்ப்பாதியில் நிறுத்துவேன்.

ஏன் கீழ்ப்பாதி? அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். லே ஷாஃப்டின் இரண்டு பேரிங்குக்கும் நடுவே பத்து அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 60 டிகிரி செல்சியஸ் சூடேறினால் கேஸ் ஷாஃப்டைவிட ஆறு தௌவுக்கு மேல் கூடுதலாக நீளும். குளிரில் ஐந்து தௌ இருந்தால் சூட்டில் பதினொன்று. டிராக்கில் அரைமணி ஓட்டினால் அதுதான் நிலைமை. இறுக்கமாக, பூஜ்யத்துக்குக் கீழே போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் வண்டி எடுக்கும் இண்டியானாவில் நான் அதைச் செய்யமாட்டேன்.

இதை எல்லாம் முடித்துவிட்டு மேல்மூடியைப் போடுவதற்கு முன் இன்னொரு முறை கையால் சுற்றிப்பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் போட்டுச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் மட்டும் கை கனத்தால் ஒரு பல்லில் எங்கோ அடி பட்டிருக்கிறது. எந்தப் பல் என்று தேடாமல் மூடாதீர்கள்.

ஏப்ரல் 2

எல்எக்ஸ்88 போன் போட்ட ஒரு விற்பனையாளர் "கமாரோ வி8, 2.95" என்று சொன்னாராம், தகடு இல்லையாம். கழற்றாமல் எப்படிச் சரிபார்ப்பது?

பெட்டியைத் தரையில் வையுங்கள். முதல் கியரில் போடுங்கள். இன்புட் ஷாஃப்டிலும் பின் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு. பின் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று வரும்வரை இன்புட்டைச் சுற்றுங்கள். மூன்று சுற்றுக்கு ஒரு மயிரிழை முன்பே நின்றால் 2.95. மூன்றைத் தாண்டி மூன்றில் ஒரு பங்கு போனால் 3.35. கிட்டத்தட்ட நாலு வந்தால் அது நாலு சிலிண்டர் வண்டியிலோ பிக்கப்பிலோ இருந்த பெட்டி. சந்தேகம் இருந்தால் பின் ஷாஃப்டைப் பத்துச் சுற்று சுற்றுங்கள், 29 ஆ 33 ஆ என்று குழப்பமே இல்லாமல் தெரியும்.

எனக்கே ஒருவர் வி8 பெட்டி என்று சொல்லி நாலு சுற்றுப் பெட்டியை நீட்டினார். அவர் முன்னாலேயே சுற்றிக் காட்டினேன். அவர் விலையைப் பாதியாக்கினார். பாதி விலைக்கும் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 3

சிங்க்ரோ பல்லையும் பாருங்கள், மேல்மூடியைத் திறக்க விட்டால். கியரின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பற்கள் கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டு மழுங்கியிருந்தால் ரிங் மாற்றினாலும் கியர் நழுவும். இரண்டாவதும் மூன்றாவதும்தான் முதலில் மழுங்கும்.

ஏப்ரல் 16

மறுபடி யோசித்தேன். எல்எக்ஸ்88 தன் வண்டியின் பின் ஆக்ஸில் விகிதம் 2.73 என்று சொன்ன பிறகு.

3.35 × 2.73 = 9.15. இதுதான் இப்போது முதல் கியரில் மொத்த விகிதம்.
2.95 × 2.73 = 8.05. வண்டி எழும்பாது. சிக்னலில் கிளட்ச்சைத் தேய்த்துத்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

ஆக்ஸிலைத் தொடாமல் விடுவதானால் இந்தக் கலப்பு வேலையே வேண்டாம். 1991 பெட்டியை வாங்கி, புதுப் பேரிங், புது ரிங், சீல் போட்டு அப்படியே ஏற்றுங்கள். அதே இன்புட் நீளம், அதே ஸ்ப்ளைன், 300 பவுண்டு-அடி. உங்கள் எஞ்சினும் 300. செலவும் பாதி. கலப்பது சுவாரஸ்யமான வேலை என்பதற்காகக் கலக்கக்கூடாது.

ஆக்ஸிலை மாற்றுவதாக இருந்தால் கதை வேறு.

2.95 × 3.55 = 10.5.
2.95 × 3.73 = 11.0.

3.73 போட்டால் முதல் கியர் பழையதைவிட நன்றாக எழும்பும். ஐந்தாவது 0.63 × 3.73 = 2.35. மணிக்கு 70 மைலில் உங்கள் டயரில் ஏறக்குறைய 2,150 சுழற்சி. 3.35 பெட்டியின் 0.68 ஆக இருந்தால் அதே ஆக்ஸிலில் 2,320. இந்த ஆக்ஸிலோடு 2.95 குடும்பம் நன்றாகப் பொருந்துகிறது. மஸ்டாங்கில் ஸ்பீடோமீட்டர் கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் கியரையும் அதற்கேற்ற பல்லுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேகம் பொய் காட்டும்.

ஏப்ரல் 18

3.73 என்று முடிவு செய்துவிட்டாராம். சரி, கமாரோ பெட்டியை வாங்குங்கள். 1991-ஐயும் வாங்குங்கள், கேஸும் மெயின் ஷாஃப்டும் அதிலிருந்து எடுக்கலாம். 1988 கேஸில் பல் தெறித்த துண்டு சுவரில் இடித்திருக்கும். பேரிங் உட்காரும் துளைகளில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். வெளிவளையம் கேஸுக்குள் சுற்றிய அடையாளமாக வழுவழுப்பாகப் பளபளத்தால் அந்தக் கேஸ் வேண்டாம்.

மே 7

டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "டி-5-இல் என்ன போட்டாலும் உடையும், நான் ஐந்து உடைத்திருக்கிறேன், டிகேஓ (ட்ரெமெக் செய்த, இதைவிடப் பெரிய பெட்டி) வாங்கச் சொல்."

சார் சொல்வதில் பாதி நியாயம். இந்தப் பெட்டியின் எல்லை பல் அல்ல, கேஸ். சாய்ந்த பல் சுமை ஏறும்போது இரண்டு ஷாஃப்டையும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். மெல்லிய அலுமினியச் சுவர் அதற்கு இடம் கொடுக்கும். 77 மி.மீ. என்பது அந்த நொடியில் 77 ஆக இருக்காது. தொடுமிடம் பல்லின் அடியிலிருந்து நுனிக்கு நகரும், நுனியில் அடி விழும், தெறிக்கும். எவ்வளவு நல்ல உலோகத்தில் பல் வெட்டினாலும் இதைத் தடுக்க முடியாது. லே ஷாஃப்டின் பின் தகட்டைத் தடித்த எஃகில் செய்து விற்கிறார்கள், அது ஓரளவு உதவும். தொழிற்சாலைத் தகடு அச்சில் அழுத்திய தகரம், வளைந்துவிடும். மூன்று பெட்டிச் சாமானோடு வெளிச்சாமானாக ஒன்று சேர்க்கலாம் என்றால் நான் சேர்ப்பது இது ஒன்றைத்தான்.

எஞ்சின் 400 பவுண்டு-அடியைத் தொட்டு, ஒட்டும் டயரும் போட்டு, கிளட்ச்சைப் படாரென்று விடுபவர் என்றால் டெட்ராய்ட் சார் சொல்வதுதான் சரி. டிகேஓ ஏறக்குறைய 100 பவுண்டு எடை, டி-5 ஏறக்குறைய 75. அந்தக் கூடுதல் இரும்புக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எல்எக்ஸ்88-இன் எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை. தினமும் வேலைக்குப் போகிற வண்டி. மாதம் ஒருமுறை டிராக். அவருக்கு இது போதும். டி-5 கைக்கு லேசாக மாறுகிற சுகம் டிகேஓவில் எனக்குக் கிடைத்ததில்லை.

மே 8

ஓட்டும் விதம் பற்றிக் கேட்டவர்களுக்கு:

நாலாவது நேரடி. இன்புட்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், லே ஷாஃப்டில் சுமையே இல்லை. டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றினால் நாலாவதில்தான் ஏற்றுங்கள். ஐந்தாவதில் முழு ஆக்ஸிலேட்டர் மிதிக்காதீர்கள், மலையேற்றத்தில் நாலுக்கு இறங்குங்கள். அந்த ஜோடி பின் ஹவுசிங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் முனையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குக் கிளட்ச் இல்லாமல் அறைந்து போடுவதை விட்டுவிடுங்கள்.

கியர் லீவருக்கு இரண்டு பக்கமும் தடுப்புப் போல்ட் உள்ள ஷிஃப்டர் போடுங்கள். லீவர் எல்லை தாண்டினால் உள்ளே கியரை மாற்றித் தள்ளும் ஃபோர்க் வளையும், அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் தேய்ந்து கியர் நழுவும். தடுப்புப் போல்ட்டைக் கியரில் போட்டுவிட்டு, லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டே தொடும்வரை திருகிப் பூட்டுங்கள்.

ஜூன் 11

ஆயில்: வேர்ல்டு கிளாஸுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் பட்டை ஒட்டிய ரிங்குகள் பிடிக்காது, குளிரில் கியர் விழாது. "கெட்டி ஆயில் பல்லைக் காக்கும்" என்று ஊற்றிவிட்டு மூன்றாவது கியர் கரகரக்கிறது என்று எழுதுபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். கொள்ளளவு ஏறக்குறைய 2.65 லிட்டர். பக்கவாட்டுத் துளையிலிருந்து வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள்.

ஜூன் 12

கிளட்ச் ஹவுசிங் மையம். பெட்டியை மாற்றுகிற பலர் இதைப் பார்ப்பதே இல்லை. டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் முள்ளை வைத்து எஞ்சினை ஒரு சுற்று சுற்றுங்கள். முள் மொத்தமாக 10 தௌவுக்கு மேல் ஆடினால், அதாவது மையம் 5 தௌவுக்கு மேல் விலகியிருந்தால், மையம் விலக்கிச் செய்த ஊசி (ஆஃப்செட் டவல் பின்) போட்டுச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யாவிட்டால் இன்புட் பேரிங்கும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புது இன்புட்டும் வீண்.

ஆகஸ்ட் 20

எல்எக்ஸ்88 பெட்டியை ஏற்றிவிட்டார். படங்கள் அனுப்பினார். 1991 கேஸ், 1991 மெயின் ஷாஃப்ட், கமாரோவின் லே ஷாஃப்டும் மூன்று கியர்களும் ஐந்தாம் ஜோடியும், புது ஃபோர்டு 2.95 இன்புட், தடித்த பின் தகடு. லே ஷாஃப்ட் எண்ட் பிளே (முன்பின் அசைவு) இரண்டு தௌவில் நிறுத்தியிருக்கிறார். மூன்றாவதில் லேசான ஊதல் சத்தம் இருக்கிறதாம். நீலச்சாயப் படத்தைப் பார்த்தேன், நடுவில்தான் அழிந்திருக்கிறது. கமாரோவின் மூன்றாவதும் கமாரோவின் லே ஷாஃப்டும்தானே, புது ஜோடி அல்ல. அந்தச் சத்தம் அங்கேயே இருக்கட்டும். கூடினால் மட்டும் சொல்லுங்கள், தம்பி. 500 மைல் ஓட்டிவிட்டு ஆயிலை வடித்து, வடிகட்டியில் என்ன நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணம். விரலில் உறுத்தும் துணுக்கு இருந்தால் டிராக்குக்குப் போகவேண்டாம்.

செப்டம்பர் 17

வடிகட்டிப் படம் வந்தது, பசை மட்டும்தான்.

என் கராஜில் நல்ல நிலையில் ஒரு 1990 மஸ்டாங் 3.35 செட் இருக்கிறது. 2.73 ஆக்ஸிலோடு ஓட்டுபவர்கள் யாராவது இண்டியானா, ஒஹாயோ பக்கம் இருந்தால் எழுதுங்கள். இன்புட், லே ஷாஃப்ட், மூன்று கியர்கள் எல்லாம் சேர்த்துத்தான் தருவேன். மூன்றாவதை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள்.